ராத்திரி போன் வந்தால்: பெற்றோரும் பிள்ளையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியவை

"குடிச்சிட்டு வண்டி ஓட்டாதே" என்று பிள்ளையிடம் சொல்லாத வீடு கிடையாது. அப்படி ஒரு நிலைமை வந்துவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பேசி வைத்திருக்கும் வீடுகள்தான் குறைவு. மணி பதினொன்றரை. நண்பனின் அக்கா ரிசப்ஷன் முடிந்து மண்டபத்து வாசலில் நிற்கிறார்கள். கூட வந்தவன் குடித்திருக்கிறான், வண்டி அவனுடையது, வீடு பதினாலு கிலோமீட்டர். அந்த இடத்தில் பதினெட்டு வயதுப் பையனின் மனதில் மோட்டார் வாகனச் சட்டம் ஓடாது. "இப்ப அப்பாவுக்கு போன் பண்ணினா என்ன ஆகும்?" என்பதுதான் ஓடும். வீட்டில் ரணகளம் நடக்கும் என்று தெரிந்தால் அவன் பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவான்.

அந்தக் கேள்விக்கு வீடு சொல்லும் பதிலை மாற்றுவதுதான் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டிய முதல் வேலை. மற்ற அறிவுரைகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேலண்ட் என்ற ஊர்ப் பள்ளியில் தொடங்கிய மாணவர் அமைப்பு ஒன்று, பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்துப் போடும் ஒரு பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. குடித்திருந்தாலோ, ஓட்டுகிறவர் குடித்திருந்தாலோ போன் செய்வேன் என்று பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த நேரமானாலும் வந்து கூட்டிப்போவேன், அந்த நேரத்தில் கேள்வி கேட்க மாட்டேன் என்று பெற்றோர் எழுத வேண்டும். நான் குடித்தாலும் வண்டியைத் தொட மாட்டேன் என்பதும் பெற்றோரின் பங்கில் இருந்தது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே கிடையாது.

நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி எழுதினால் இப்படி இருக்கலாம்.

பிள்ளை எழுதுவது: "நான் குடித்திருந்தாலும், ஓட்டப்போகிறவர் குடித்திருந்தாலும், தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் அந்த வண்டியில் ஏற மாட்டேன். எத்தனை மணியானாலும் போன் செய்வேன். இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும் இடத்தில் நிற்பேன்."

பெற்றோர் எழுதுவது: "எத்தனை மணியானாலும் போனை எடுப்போம். நாங்கள் வருவோம், அல்லது ஆட்டோவோ காரோ அனுப்பி வாடகையைக் கொடுப்போம். அன்றிரவு திட்ட மாட்டோம். மறுநாள் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பேசுவோம். கூட இருக்கும் நண்பர்களையும் ஏற்றிக்கொள்வோம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்ததற்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். நாங்கள் குடித்திருந்தால் நாங்களும் ஓட்ட மாட்டோம். எங்களிடம் சாவியைக் கேட்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு."

வண்டியை விட்டுவிட்டு வருவதைப் பற்றிய வரியைக் கட்டாயம் சேருங்கள். பிள்ளைகள் குடித்த பிறகும் வண்டியை எடுப்பதற்குப் போதையை விடப் பெரிய காரணம் பல நேரம் அந்த வண்டிதான். ஒன்றரை லட்சம் போட்டு வாங்கிய பைக், இன்னும் தவணை முடியவில்லை, அல்லது சித்தப்பாவிடம் கேட்டு எடுத்து வந்தது. மண்டப வாசலில் விட்டுப் போனால் காலையில் இருக்குமா என்ற பயம். அதனால் வண்டியை விட்டு வருவது எப்படி என்பதையும் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் மண்டபத்துக்கு உள்ளே, காவலாளி பார்வையில் நிறுத்த வேண்டும், அதுவும் தள்ளிக்கொண்டு போய்த்தான். ஹேண்டில் லாக் போட்டு, எண் பலகையும் இடமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சாவி பையனிடமே இருக்கட்டும். காப்பீட்டில் திருட்டுக்குப் பணம் கேட்கும்போது இரண்டு சாவியையும் கேட்பார்கள் என்பதால் அதைத் தொலைத்துவிடக் கூடாது. காலையில் அப்பாவும் சேர்ந்து போய் எடுத்து வரலாம்.

"இப்படி எழுதிக் கொடுத்தால் குடிக்க நாமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 21 வயதுக்கு உட்பட்டவருக்கு மது விற்கவே கூடாது, வீட்டு விதியும் அதுவாகவே இருக்கட்டும். குடித்ததற்கு மறுநாள் கண்டிப்பு உண்டு. போன் செய்ததற்குக் கண்டிப்பு கிடையாது. இந்த இரண்டையும் பிரித்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போன் செய்து வந்தால் பேச்சோடு முடியும், ஓட்டிக்கொண்டு வந்தால் மூன்று மாதம் சாவி கிடையாது என்று தண்டனையின் அளவையும் எழுதி வைப்பது நல்லது. போன் செய்தவனுக்கும் ஓட்டி வந்தவனுக்கும் ஒரே திட்டு என்றால் பிள்ளை மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் வழியைத்தான் தேர்ந்தெடுக்கும்.

பெண் பிள்ளை உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். மகளுக்குத் திட்டை விடப் பெரிய பயம், "இனிமே எங்கேயும் போக வேண்டாம்" என்று எல்லாக் கதவும் சாத்தப்படுவது. ஒரு தடவை போன் செய்ததற்காகத் தோழி வீட்டுக்கும் கல்லூரி விழாவுக்கும் தடை வந்தால் இரண்டாவது தடவை அவள் கூப்பிடவே மாட்டாள்.

அடுத்தது போன் சம்பந்தப்பட்ட சில்லறை வேலைகள். திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ராத்திரி அப்பாவின் போன் சைலண்டில் கிடக்கும். தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பிலேயே, குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் சத்தமாக ஒலிக்கும்படி செய்யலாம், பிள்ளையின் எண்ணை அதில் சேருங்கள். அம்மாவும் அப்பாவும் எடுக்காவிட்டால் மூன்றாவது ஆள் யார்? மாமா, அக்கா வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அண்ணன், யாராக இருந்தாலும் அவரிடம் முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு எண்களாவது மனப்பாடமாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் பேட்டரி இருக்காது. போன் உறைக்குப் பின்னால் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு மடித்து வைக்கச் சொல்லுங்கள். ஜி-பே நெட்வொர்க் இல்லாத இடத்தில் கைவிட்டுவிடும்.

நண்பர்கள் முன்னால் "அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. அதற்கு ஒரு ரகசியச் சொல் வேண்டும். "பால் பாக்கெட் வாங்கணுமா?" என்று பிள்ளை செய்தி அனுப்பினால், இரண்டு நிமிடத்துக்குள் வீட்டிலிருந்து போன் போக வேண்டும். மறுமுனையில் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மாமா ஊர்லேர்ந்து வந்திருக்காரு, உடனே கிளம்பு, எங்க இருக்கே, நானே வர்றேன்" என்று அதட்டலாகப் பேசுங்கள். பழி முழுக்க அப்பா மேல் விழட்டும், பிள்ளையின் மானம் காப்பாற்றப்படும். (பாட்டிக்கு முடியவில்லை என்று அபசகுனமாகச் சொல்லப் பல வீடுகளில் பிடிக்காது. அதனால் ஊரிலிருந்து வரும் மாமாதான் நல்லது.)

போனில் கேட்க வேண்டியவை மூன்றுதான்: எங்கே இருக்கிறாய், யார் யார் கூட இருக்கிறார்கள், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா அல்லது நினைவு இல்லாமல் இருக்கிறார்களா. "குடிச்சியா?" என்பது இன்றிரவு தேவையில்லாத கேள்வி. கேட்டால் பதில் பொய்யாக வரும், அல்லது போன் கட் ஆகும். கூட்டிக்கொண்டு வரும்போது காரில் பாட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் வாருங்கள். நண்பனையும் இறக்கிவிட்டால், அவன் அப்பாவிடம் நீங்களாகப் போய்ச் சொல்வதா என்பது சங்கடமான விஷயம். நான் சொல்ல வேண்டாம் என்பேன். அந்தப் பையன் நினைவிழந்து கிடந்தாலோ, அடிபட்டிருந்தாலோ மட்டும் சொல்லியே ஆக வேண்டும், இந்த விலக்கைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி கணக்கு. இதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு குடித்தால் தப்பிக்கலாம் என்று பார்க்க அல்ல. "ரெண்டு பெக்தானே", "தூங்கி எழுந்தாச்சு, தெளிஞ்சிருச்சு" என்ற இரண்டு நம்பிக்கைகளும் எங்கே தவறுகின்றன என்று புரிந்துகொள்ளத்தான்.

இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பொதுவாக 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டவை. 30 மி.லி. சின்ன பெக்கில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 90 மி.லி. கட்டிங்கில் 30 கிராம், 180 மி.லி. குவார்ட்டரில் 60 கிராம். பீர் லேசானது என்று நினைப்பவர்கள் கவனிக்க: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம், அதாவது நாலு சின்ன பெக். சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. அறுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு சின்ன பெக் சுமார் 25 மி.கி. வரை ஏற்றும். ஐம்பது கிலோ பெண்ணுக்கு அதே பெக் 35-ஐத் தாண்டலாம், ஏனென்றால் உடலில் நீரின் பங்கு குறைவு. அந்த அறுபது கிலோ ஆள் ஒரு ஸ்ட்ராங் பீரில் 100-ஐத் தொடுவார், குவார்ட்டரில் 150-ஐ. இவை சராசரிக் கணக்குகள், ஆளுக்கு ஆள் மாறும். மாறினாலும், இரண்டு பெக் போட்டும் எல்லைக்குள் இருப்போம் என்று நம்ப இதில் இடமே இல்லை.

இறங்கும் வேகம் இன்னும் முக்கியம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மி.கி. அளவுதான் குறைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காபி, தலைக்குத் தண்ணீர், வாந்தி என்று எதைச் செய்தாலும் அந்த வேகம் கூடாது. காபி தூக்கத்தை விரட்டும், போதையை விரட்டாது. ராத்திரி பதினொரு மணிக்கு 150-இல் இருந்தவர் காலை ஏழு மணிக்குத்தான் 30-க்கு வருவார். ஆறரைக்குக் கல்லூரிக்குக் கிளம்பும் பையனும், ஆறு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் அப்பாவும் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இன்னொரு பக்கம், வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அளவு உச்சத்துக்குப் போகும், சாப்பிட்டிருந்தால் தாமதமாகும். "கடைசி ரவுண்டு போட்டுட்டு ஏறலைன்னு உடனே கிளம்பிட்டேன்" என்பவருக்கு அது ஏறுவது பாதி வழியில்.

போதை முதலில் பறிப்பது கால் தடுமாறாத நடையை அல்ல, தன்னைத் தானே எடைபோடும் புத்தியை. அதனால் குடித்தவரிடம் "ஓட்ட முடியுமா?" என்று கேட்பதில் பயனே இல்லை. 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. பிரேக்கை அரை நொடி தாமதமாக அழுத்தினால் எட்டு மீட்டர் கூடுதலாகப் போய்விடும், அது ஒரு வேகத்தடைக்கும் அதைக் கடக்கும் மாட்டுக்கும் இடையிலான தூரம். இரு சக்கர வண்டியில் சமநிலையும் சேர்ந்து போகிறது. காரை நேராக ஓட்டிவிடக்கூடிய அளவு போதையிலேயே பைக்கை வளைவில் சாய்க்கத் தெரியாமல் போகும். ஓட்டிப் பழக்கமில்லாத வயதில் இவை எல்லாமே இரட்டிப்பாகும். பதின்ம வயதுக்காரருக்கு எல்லை பூஜ்யம்தான்.

தூக்கத்தையும் இதே பட்டியலில் வையுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு வந்துவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. காலை ஐந்துக்கு எழுந்து வேலையை முடித்து, ராத்திரி பத்துக்குத் தீபாவளிக்கு ஊருக்குக் காரைக் கிளப்பும் அப்பா சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறார், ஒரு சொட்டுக் குடிக்காமலேயே. சளிக்குச் சாப்பிடும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைகள், கோடீன் உள்ள இருமல் மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் கண்ணைச் சொக்க வைப்பவை, மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். கஞ்சாவும், போதைக்காக விழுங்கப்படும் வலி மாத்திரைகளும் ஊதும் கருவியில் தெரியாது. தெரியாததால் பாதுகாப்பு என்று பிள்ளைகளிடையே ஒரு பேச்சு ஓடுகிறது. அந்தக் கருவி ஆல்கஹாலை மட்டுமே அளக்கும் என்பதையும், கஞ்சா தூரத்தையும் நேரத்தையும் கணிக்கும் திறனைக் கெடுக்கும் என்பதையும் வெளிப்படையாகப் பேசுங்கள்.

சட்டத்தில் பெற்றோருக்கு நேரடியாகப் பொறுப்பு உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, இரண்டு வருடம் வரை. 188-ஆம் பிரிவு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனையைச் சொல்கிறது. 2022-இல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இதை வைத்துத்தான் கூட வந்தவர்கள் மீதும் வழக்குப் போடத் தொடங்கியது. "நான் ஓட்டலையே, பின்னால்தான் உட்கார்ந்தேன்" என்பது இனி செல்லாது. 18 வயது ஆகாதவர் ஓட்டி விபத்தோ குற்றமோ நடந்தால் 199ஏ பிரிவு பாயும். பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையது.

"பதினாறு வயசுல எல்.எல்.ஆர். போடலாமே" என்று சொல்லி ஸ்கூட்டியைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அனுமதி கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நம் தெருக்களில் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100, ஸ்கூட்டி, ஆக்டிவா எதுவும் அதற்குள் வராது. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் மதுக்கூடத்திலிருந்து கிளம்பி ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைத்த ஜாமீன் நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது, பின்னர் தந்தையும் கைதானார். கோடி ரூபாய் கார் என்பதால் அது செய்தியானது. வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு போவது எந்த ஊரிலும் நடப்பதுதான். சாவி ஆணியில் தொங்க வேண்டாம். கேட்டு வாங்கிப் போகும் பழக்கமும், திரும்பி வந்ததும் கையில் கொடுக்கும் பழக்கமும் இருந்தால், பிள்ளை எந்த நிலையில் வருகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் கிடைக்கும்.

இப்போது அப்பாக்களின் பக்கம். கல்யாண வீட்டில் எழுபது கிலோ ஆள் ஒருவர் இரண்டு லார்ஜ் (தலா 60 மி.லி.) போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பினாலும் ரத்தத்தில் 50-க்கு மேல் இருக்கும். மனைவி பின்னால், பிள்ளை நடுவில். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் எந்த ஒப்பந்தமும் எடுபடாது. விசேஷத்துக்குக் கிளம்பும்போதே யார் ஓட்டித் திரும்புவது என்று முடிவு செய்து, அவர் கையில் சாவியைக் கொடுத்துவிடுங்கள். அப்பா குடித்துவிட்டால் பிள்ளை செய்ய வேண்டியதையும் பேசி வையுங்கள்: முதலில் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட வேண்டும், பிறகுதான் பேச்சு. "அப்பா, ஆட்டோ வந்திருச்சு, சாவியக் குடுங்க, வண்டிய காலையில எடுத்துக்கலாம்." நாலு பேர் முன்னால் "குடிச்சிருக்கீங்க" என்று சொன்னால் ரோஷத்தில் அவர் கண்டிப்பாக ஓட்டுவார். மாமாவோ பெரியப்பாவோ தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் கேட்பவர்கள் அதிகம். சாவியைப் பிடுங்குவது பிள்ளையின் வேலை இல்லை. கொடுக்காவிட்டால் பின்னால் ஏறாமல் இருப்பதே போதும். அடி உதை இருக்கும் வீட்டில் இந்த உரையாடலையே எதிர்பார்க்காதீர்கள், அங்கே பிள்ளை 1098-ஐக் கூப்பிடலாம், அம்மா 181-ஐக் கூப்பிடலாம். குடியை நிறுத்த உதவி வேண்டும் என்றால் 14446 கட்டணமில்லாத எண்.

நண்பனிடம் சாவி வாங்குவதும் இதே மாதிரிதான். ரவுண்டு தொடங்கும் முன் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பான், முடிந்த பிறகு கேட்டால் சண்டை. ஒருவர் மட்டும் பேச வேண்டும், கூட்டமாக மிரட்டக் கூடாது.

கடைசியாக, பிள்ளைகளிடம் அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று. நண்பன் அளவுக்கு மேல் குடித்து மயங்கிவிட்டால், அவனை நடுவில் உட்கார வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பைக்கில் கொண்டுபோகும் பழக்கம் இருக்கிறது. வழியில் தலை தொங்கி மூச்சுக்குழாய் அடைபடலாம், வாந்தி உள்ளே போகலாம், வண்டியே சாயலாம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, அல்லது மூச்சுக்கு மூச்சு பத்து நொடிக்கு மேல் இடைவெளி, உடம்பு சில்லிட்டு உதடு நீலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. அது வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலை மடக்கி, வாய் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைத்து ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மோர் ஊற்றக் கூடாது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, "தூங்கட்டும்" என்று அறையைப் பூட்டிவிட்டுப் போகவே கூடாது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் காப்பாற்றுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது.

ஒப்பந்தக் காகிதத்தைப் பிளஸ் டூ விடுமுறையில் எழுதுவது நல்ல நேரம், பைக் வாங்குவதற்கு முன்பு. பிள்ளை வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனால் பெற்றோர் வந்து கூட்டிப்போக முடியாது. அதனால் அந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் அல்லது நம்பிக்கையான ஆட்டோக்காரரின் எண்ணைச் சேர்த்துப் புதிதாக எழுதுங்கள், விடுதிக் கதவு ராத்திரி எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். கதவு மூடிவிடும் என்ற அவசரத்தில்தான் பத்து மணிக்கு மேல் பல வண்டிகள் பறக்கின்றன. நேரம் தப்பிவிட்டால் எங்கே தங்கலாம், வார்டனுக்கு யார் போன் செய்து பேசுவது என்பதையும் அதே காகிதத்தில் எழுதி, ஆளுக்கு ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.